மேசைக்கு அந்தப் பக்கம் யார்?

கோடம்பாக்கத்தில் கதை சொல்லப் போகும் உதவி இயக்குநருக்கு எப்படியும் இரண்டு மணி நேரம் கிடைத்துவிடும். இன்டர்வெல் பிளாக், பாட்டு வரும் இடம், வில்லன் என்ட்ரி என்று நடித்தே காட்டலாம். ஆவணப்பட உலகில் அந்தச் சலுகை இல்லை. ஆம்ஸ்டர்டாமில் இட்ஃபா ஆவணப்பட விழா 1993இல் தொடங்கிய, படத்துக்குப் பணம் தேடும் ஃபோரமும், டொரொன்டோவின் ஹாட் டாக்ஸ் விழா நடத்தும் ஃபோரமும் பழக்கிவிட்ட கணக்கு ஏறக்குறைய ஏழு நிமிடம். டீசரையும் அதற்குள்ளேயே ஓட்டிவிட வேண்டும். பிறகு, மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும், எந்தப் படத்துக்குப் பணம் போடலாம் என்று முடிவுசெய்யும் டி.வி. கமிஷனிங் எடிட்டர்களும் நிதி அமைப்பினரும் ஏழெட்டு நிமிடம் கேள்வி கேட்பார்கள். பின்னால் பார்வையாளர்கள் வேறு. பிட்சிங் என்பது இதுதான்.

இந்தப் பரீட்சைக்கென்றே பயிற்சிகள் வந்தன. 1996இல் தொடங்கிய ஐரோப்பிய ஆவணப்பட வலையமைப்பு ஊர் ஊராகப் பட்டறை நடத்தியது. பிரான்சில் யூரோடாக் தயாரிப்பாளர்களுக்கென்றே வகுப்பெடுத்தது. நம் பக்கம் 2004இல் கொல்கத்தாவில் டாக்எட்ஜ் பயிற்சி பிறந்தது. அதை முன்னின்று நடத்தியவர், சத்யஜித் ராய் திரைப்படக் கல்லூரியில் படத்தொகுப்பு கற்பித்த நீலோத்பல் மஜும்தார். கையில் ஒரு படத்திட்டத்தோடு வருகிறவர்களைச் சில நாள் உட்காரவைத்து, எழுதியதையும் டீசரையும் பிரித்துப்போட்டு மறுபடி கட்டச் சொல்லி, கடைசியில் உண்மையான கமிஷனிங் எடிட்டர்கள் முன்னால் நிறுத்துவது அங்கே முறை.

மேடைப் பேச்சுப் பயிற்சி என்று எண்ணிப் போனால் ஏமாற்றம்தான். பெரும்பாலான நேரம் போவது ஒரே கேள்விக்கு: நீங்கள் வைத்திருப்பது படமா, வெறும் தலைப்பா? ‘டெல்லியின் காற்று மாசு’ தலைப்பு. அதைக் கொண்டுபோனால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். மாஞ்சா நூலில் அறுபட்டும் காற்று கெட்டும் வானத்திலிருந்து விழும் பருந்துகளுக்குத் தங்கள் வீட்டின் தரைக்கீழ் அறையில் வைத்தியம் பார்க்கும் இரண்டு சகோதரர்கள் என்றால் அது படம். ஷௌனக் சென்னின் ‘ஆல் தட் ப்ரீத்ஸ்’ அதுதான். 2022இல் சன்டான்ஸில் நடுவர் பெரும்பரிசும் கான் விழாவில் தங்கக் கண் விருதும் வாங்கியது. நம் சினிமாக்காரர்கள் ‘ஒன்லைன்’ என்று கேட்பதையேதான் அவர்களும் கேட்கிறார்கள். ஆனால் இங்கே ஒன்லைனுக்குள் இருப்பவர்கள் நிஜ மனிதர்கள். அவர்கள் சம்மதித்தார்களா? அடுத்த ஒரு வருடத்தில் அவர்கள் வாழ்க்கையில் எது மாறப்போகிறது? அதை நீங்கள்தான் எடுக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? மூன்றாவது கேள்வியில்தான் பல பேர் திக்குவார்கள்.

அதைவிடக் கடினம் பணக் கணக்கு. பட்ஜெட் போடத் தெரிந்தவர்கள்கூட நிதித் திட்டம் எழுதும்போது திணறுகிறார்கள். முழுப் பணத்தையும் ஒரே கை தருவது அபூர்வம். ஆராய்ச்சிக்கு ஒரு மானியம், ஒரு நாட்டு டி.வி.யின் முன்விற்பனை, படத்தொகுப்புக்கு இன்னொரு நிதி என்று ஒட்டுப்போட்டுத்தான் சேர்க்க வேண்டும். இவற்றை ஒன்றாகப் பார்ப்பவர் மாட்டிக்கொள்வார். மானியத்தைப் பெரும்பாலும் திருப்பித் தர வேண்டியதில்லை. முன்விற்பனை என்றால் குறிப்பிட்ட நாட்டில், குறிப்பிட்ட காலத்துக்கு ஒளிபரப்பும் உரிமையை முன்கூட்டியே விற்பது. கூட்டுத் தயாரிப்பு என்றால் படத்தின் உடைமையிலேயே பங்கு. சின்னத் தொகைக்கு உலக உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு யாரிடம் போனாலும் விற்க ஒன்றும் மிச்சமிருக்காது. இதைச் சொல்லிக் கொடுக்கும் அரை நாள் வகுப்புக்காகவே கட்டணம் கட்டலாம் என்பேன். இன்னொன்று, எல்லாரும் முதலில் கேட்பது “வேறு யார் பணம் போட்டிருக்கிறார்கள்?” என்பதைத்தான். முதல் ரூபாய்தான் மலை.

ஹாட் டாக்ஸ் ஃபோரத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ‘கியூபன் ஹாட்’ என்று ஒரு தொப்பியைக் கூட்டத்தில் சுற்றவிடுவார்கள். சேரும் பணம் கூட்டம் தேர்ந்தெடுத்த பிட்ச்சுக்கு. கூட்டத்திடமே காசு கேட்பது நமக்கும் புதிதல்ல. இயக்குநர் ஜான் ஆபிரகாமின் ஒடேசா குழு கேரளத்தில் ஊர் ஊராகப் படம் காட்டி, மக்களிடம் காசு சேர்த்து 1986இல் ‘அம்ம அறியான்’ எடுத்தது. கதைப்படம்தான். ஆனாலும் பணத்துக்கு எங்கே போகலாம் என்ற கேள்விக்கு நம் பக்கத்திலேயே கிடைத்த பதில் அது.

இத்தனை கற்றபின் எந்த மேசைக்குப் போவது? பி.பி.சி. 1997 முதல் ஸ்டோரிவில் என்ற பெயரில் உலக ஆவணப்படங்களை வாங்குகிறது. பிரான்ஸும் ஜெர்மனியும் சேர்ந்து நடத்தும் ஆர்ட்டே இருக்கிறது. ஜப்பானில் என்.எச்.கே. இருக்கிறது. இங்கே 2000இல் தொடங்கிய பொதுச்சேவை ஒளிபரப்பு அறக்கட்டளை தூர்தர்ஷனுக்காகப் படங்களை எடுக்கவைத்தது. அதே தூர்தர்ஷனில் தன் படத்தைக் காட்டவைக்க ஆவணப்பட இயக்குநர் ஆனந்த் பட்வர்தன் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2006இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. சீரியலும் விவாதமும் மாறி மாறி ஓடும் நம் தனியார் சேனல்களில் ஆவணப்படத்துக்கு நிரந்தர நேரம் கேட்டால் சிரிப்பார்கள். ஓ.டி.டி. வந்தது, கூடவே கொலை வழக்குகளின் மேல் தீராத பசியும் வந்தது. 2024 மும்பை சர்வதேசத் திரைப்பட விழாவில் முதல்முறையாக ஆவணப்படச் சந்தை நடந்தது நல்ல தொடக்கம்.

ஆக, பயிற்சி பெற்றவர் வெளிநாட்டு மேசைக்குத்தான் தயாராகிறார். அந்த மேசை படத்துக்குள்ளேயும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சாதி என்றால் என்ன என்று தெரியாதவருக்காக முதல் பத்து நிமிடம் விளக்கம் சொல்ல வேண்டும். அதையே இங்குள்ளவர் பார்த்தால், தெரிந்ததையே சொல்கிறார்களே என்று எழுந்து போவார். இது பயிற்சியின் குற்றம் இல்லை. பணம் தருகிறவருக்குப் புரிய வேண்டும் என்பது நியாயம்தான். அந்த மேசை இல்லையென்றால் சில படங்கள் பிறக்கவே வழியில்லை. ஜூட் ரத்னத்தின் ‘டீமன்ஸ் இன் பாரடைஸ்’ பிரெஞ்சுக் கூட்டுத் தயாரிப்பாக உருவாகி 2017இல் கான் விழாவுக்குப் போனது. ஈழத்துத் தமிழர் ஒருவர் தன் சமூகத்தின் ஆயுதப் போராட்டத்தை உள்ளிருந்து கேள்வி கேட்கும் அந்தப் படத்துக்கு இலங்கையிலோ இந்தியாவிலோ எந்தச் சேனல் முன்பணம் கொடுத்திருக்கும்?

அதற்காக இங்குள்ளவரை விட்டுவிட வேண்டியதில்லை. வெளிநாட்டு டி.வி.க்கு 52 நிமிடப் பதிப்பு, விழாக்களுக்கு எண்பது தொண்ணூறு நிமிடப் பதிப்பு என்று இரண்டு வெட்டுவது ஏற்கெனவே வழக்கம். படம்பிடித்த ஊரில் காட்டுவதற்கு மூன்றாவது ஒன்றை, தமிழ் விவரணையோடு, அந்த விளக்கப் பத்து நிமிடம் இல்லாமல் வெட்டலாம். படத்தொகுப்பாளருக்குச் சில நாள் சம்பளம், ஒரு ஒலிக்கலவை, ஒரு புரொஜெக்டர் வாடகை. மொத்த பட்ஜெட்டில் இது பெரிய தொகை இல்லை. முதல் விண்ணப்பத்திலேயே அதற்கு ஒரு வரி எழுதிவிட வேண்டும். எல்லாம் முடிந்தபின் கேட்டால் யாரும் தர மாட்டார்கள்.