சால்மன் மீனும் இனிப்புப் பாகும்: மேலே நிறம், உள்ளே வெப்பம்

ஜப்பானிய மொழியில் ‘தெரி’ என்னும் சொல் பளபளப்பையும், ‘யாக்கி’ என்னும் சொல் நெருப்பில் வாட்டுதலையும் குறிக்கும். இவ்விரண்டும் சேர்ந்த ‘தெரியாக்கி’ என்பது, மீனை வாட்டி, உவர்ப்பும் இனிப்பும் கலந்த பாகினை அதன்மீது பூசி மினுமினுக்கச் செய்யும் சமையல் முறையாகும். சால்மன் மீனுக்கு இம்முறை பெரிதும் பொருந்தும். அதன் கொழுப்பு மிகுந்த சதை பாகின் உவர்ப்பை எளிதில் தாங்கிக்கொள்ளும். இந்தியப் பெருநகரங்களில் உறையவைத்த சால்மன் துண்டுகள் கிடைப்பதால் இதனை வீட்டிலேயே செய்து பார்ப்போர் உளர். முதன்முறை செய்வோர்க்கு எளிதில் நேரும் இடர் ஒன்றுண்டு: மேற்புறம் கருகிவிடும், நடுப்பகுதியோ பச்சையாகவே நின்றுவிடும்.

மீனின் பெயரைப் பற்றி முதலில் ஒரு சொல். நம் கடற்கரைச் சந்தைகளில் ‘இந்தியன் சால்மன்’ என்று விற்கப்படுவது உண்மையான சால்மன் அன்று. பம்பாய்ப் பகுதியில் ராவஸ் என்றும், தமிழில் காலா என்றும் வழங்கும் அம்மீன் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் சதை வெண்மையானது. சால்மன் குடும்பத்தைச் சேர்ந்ததும், இந்தியாவில் வளர்வதுமான மீன் டிரவுட் ஆகும். காஷ்மீரத்திலும் இமாசலப் பிரதேசத்திலும் குளிர்ந்த ஓடைநீரில் அது வளர்க்கப்படுகிறது. நீலகிரி ஓடைகளிலும் ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து விடப்பட்டது. கீழே கூறப்படும் முறை டிரவுட்டுக்கும் காலாவுக்கும் ஏற்றதே. துண்டு மெல்லியதாயின் நேரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

பாகின் மூலப்பொருள்கள் சோயா சாஸ், மிரின், சர்க்கரை ஆகியன. மிரின் என்பது அரிசியிலிருந்து செய்யப்படும் இனிப்பான மதுவகை. சோயா சாஸ், சோயா மொச்சையும் கோதுமையும் ஒருவகைப் பூஞ்சணத்தால் பதப்படுத்தப்பட்டு, உப்புநீரில் பல மாதங்கள் புளித்து உண்டாவது. அவ்வாறு புளிக்கும்போது புரதங்கள் சிதைந்து அமினோ அமிலங்களாகின்றன. அவற்றுள் ஒன்றான குளூட்டாமிக் அமிலமே இதன் தனிச்சுவைக்குக் காரணம். 1908-ஆம் ஆண்டில் ஜப்பானிய இரசாயன அறிஞர் கிகுனே இக்கேதா, கடற்பாசிச் சாற்றிலிருந்து இந்த அமிலத்தைப் பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு ‘உமாமி’ எனப் பெயரிட்டார்.

ஆகவே, பாகில் ஒருபுறம் சர்க்கரையும் மறுபுறம் அமினோ அமிலங்களும் ஒருங்கே உள்ளன. இவ்விரண்டும் வெப்பத்தில் கூடினால் பழுப்பு நிறமும் நறுமணமும் தோன்றும். பிரெஞ்சு அறிஞர் லூயி காமில் மயார் 1912-இல் இதனை விளக்கியமையால் இது ‘மயார் வினை’ எனப்படுகிறது. வங்காளத்து இனிப்புத் தயிரின் செந்நிறமும், நெடுநேரம் காய்ச்சிய திரட்டுப்பாலின் பழுப்பும் பெரும்பாலும் இவ்வினையின் விளைவுகளே. வகுப்பறையில் இதனை விளக்க விரும்பும் ஆசிரியர், சர்க்கரைக் கரைசலைத் தனியாகவும், அதே கரைசலைச் சிறிது பால்பொடி சேர்த்தும் இரு கிண்ணங்களில் காய்ச்சிக் காட்டலாம். பால் சேர்ந்தது முன்னதாகவே பழுப்பேறும்.

இவ்வினை சுமார் 140 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் விரைவு பெறுகிறது. நீர் நிறைந்த பரப்போ, அந்நீர் ஆவியாகும் வரையில் 100 டிகிரியைத் தாண்டாது. ஈரத் துண்டைச் சட்டியிலிட்டால் அது வெந்து வெளுக்குமேயன்றிச் சிவக்காது. எனவே முதலில் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்தல் இன்றியமையாதது. இதற்கு மாறாக, தொடக்கத்திலேயே பாகினைப் பூசினால், நீர் வற்றியவுடன் சர்க்கரை சட்டியின் சூட்டில் சில நொடிகளிலேயே கசந்து கருகும். வெப்பம் துண்டின் நடுவை எட்டுவதற்கோ சில நிமிடங்கள் தேவை. ஆகையால் மேற்புறத்தின் நிறத்தைக் கொண்டு உட்புறம் வெந்ததென முடிவு செய்வது தவறு.

இது சுவையை மட்டும் பொறுத்த செய்தியன்று. கடலில் வாழ்ந்த சால்மனின் சதையில் அனிசாகிஸ் என்னும் நூல்போன்ற புழுவின் இளநிலைகள் இருக்கக்கூடும். அவை உயிருடன் வயிற்றை அடைந்தால் கடும் வலியும் வாந்தியும் விளைவிக்கும். சிலருக்கு ஒவ்வாமையும் உண்டாகும். தீவனமிட்டு வளர்க்கப்பட்ட சால்மனில் இந்த ஆபத்து மிகக் குறைவு. இயற்கை நீர்களில் பிடிக்கப்பட்டதில் அதிகம். சோயா சாஸில் ஊறவைப்பதாலோ எலுமிச்சைச் சாறு பிழிவதாலோ அப்புழுக்கள் மடிவதில்லை. நடுப்பகுதி 63 டிகிரி அடையும்படி வேகவைத்தல் போதிய பாதுகாப்பாகும். -20 டிகிரியில் ஏழு நாட்கள் உறையவைத்தாலும் அவை அழியும். ஆனால் வீட்டுக் குளிர்ப்பெட்டி அக்குளிரை இடையறாது காக்கும் என்று நம்புவதற்கில்லை.

நால்வருக்கு, ஒவ்வொன்றும் 150 கிராம் எடையும் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் கனமும் உள்ள நான்கு துண்டுகள் வேண்டும். சோயா சாஸ் மூன்று மேசைக்கரண்டி, மிரின் மூன்று மேசைக்கரண்டி, சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, சிறிது இஞ்சிச் சாறு ஆகியவற்றைக் கலந்து வைத்துக்கொள்ள வேண்டும். மிரின் கிடையாதவிடத்தும், மதுவை விலக்குவோர் இல்லத்திலும், அதே அளவு நீரும் கூடுதலாக ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையும் போதும். தேன் சேர்ப்பதாயின் தீயை மேலும் தணிக்க வேண்டும். தேன் சர்க்கரையைவிட விரைவில் கருகும்.

கனத்த வாணலியில் சிறிது எண்ணெயைச் சூடாக்கி, தோற்புறம் கீழே இருக்குமாறு துண்டுகளை இட்டு, மிதமான தீயில் ஐந்து அல்லது ஆறு நிமிடங்கள் அசையாது விட வேண்டும். ஒளி ஊடுருவும் சதை, கீழிருந்து மேலாக மங்கி வெளுத்து வருவது பக்கவாட்டில் தெரியும். அது முக்கால் உயரத்தை எட்டியதும் துண்டுகளைத் திருப்பி, மேலும் இரண்டு நிமிடங்கள் வைக்கலாம். பக்கங்களில் வெண்மையான கசிவு தோன்றினால் அது உறைந்த புரதமே, கேடு ஒன்றுமில்லை. எனினும் அது பெருகி வருமானால் தீ அதிகம் என்று கொள்ளலாம்.

இப்போது மிகுந்த எண்ணெயை வடித்துவிட்டுக் கலவையை ஊற்ற வேண்டும். அது பொங்கிக் கொதித்து, சிறு குமிழிகள் பெரிய, மந்தமான குமிழிகளாக மாறும்போது பதம் நெருங்கிவிட்டது. வெல்லப் பாகு காய்ச்சிப் பழகிய கைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கரண்டியால் பாகினை மீன்மேல் வாரி வாரி ஊற்றி, ஒன்று அல்லது இரண்டு நிமிடங்களில் இறக்கிவிட வேண்டும். கம்பிப் பதத்திற்குக் காத்திருந்தால் கசப்பு தட்டும். வெப்பமானியின் முனையைத் துண்டின் தடித்த இடத்தில் செலுத்திப் பார்த்தல் நலம். வெப்பமானி இல்லையெனில் முள்கரண்டியால் நடுவில் மெல்லப் பிளக்க, சதை இதழ் இதழாகப் பிரிந்து, உள்ளே கண்ணாடித் தன்மை இல்லாதிருத்தல் வேண்டும்.

பச்சை மீன் ஊறிய கலவையை அப்படியே மேலே ஊற்றிப் பரிமாறுதல் கூடாது. நன்கு கொதித்த பின்னரே பயன்படுத்தலாம். நாட்பட்ட மீனின் நாற்றத்தைப் பாகு மறைக்குமேயன்றி மீனைத் திருத்தாது என்பதால், முகர்ந்து பார்ப்பது பாகு ஊற்றுவதற்கு முன்னரே நடைபெற வேண்டும். உப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் இரண்டு கிராமுக்கு மேல் உப்பு உள்ளது; மேற்கூறிய அளவில் ஒருவர் பங்கிற்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் கிராம் வரும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு வகுத்துள்ள வரம்பு ஐந்து கிராமுக்கும் குறைவு. இரத்த அழுத்தம் உள்ளவர்க்கு மீனை மட்டும் எடுத்து வைத்து, சட்டியில் தங்கிய பாகினைச் சோற்றின்மேல் ஊற்றாது விடுவது நன்று.