கற்பனை அணியும் காசில்லாக் களமும்

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் உதைபந்தாட்டப் பருவகாலம் ஒவ்வோர் ஆண்டும் ஓகஸ்ட் மாதத்தில் ஆரம்பமாகும்போது, அதற்குச் சமாந்தரமாக வேறோர் ஆட்டமும் ஆரம்பமாகி விடுகின்றது. மைதானத்தில் விளையாடும் வீரர்களைக் கொண்டே நாம் ஒரு கற்பனை அணியை அமைத்து, அவர்கள் மெய்யாக ஆடும் ஆட்டத்திற்கேற்பப் புள்ளிகளைப் பெறும் 'பென்டசி' ஆட்டமே அது. அண்மைய பருவகாலங்களில் ஒரு கோடிக்கும் அதிகமான அணிகள் இதில் பதிவாகியுள்ளன. எமது இளைஞர்களிடையேயும் இதுபற்றிய ஆர்வம் பெருகியுள்ளதால், புதிதாக இறங்க விரும்புவோருக்காகச் சில விடயங்களை இங்கு விளக்க விரும்புகின்றோம்.

இதன் பிறப்பிடம் இங்கிலாந்து அல்ல. 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓக்லண்ட் ரைடர்ஸ் கழகத்தின் பங்காளர்களுள் ஒருவரான பில் விங்கன்பாக், தமது நண்பர்களுடன் சேர்ந்து அந்நாட்டுக் கால்பந்தாட்டத்துக்காக இதனை உருவாக்கினார். இங்கிலாந்தில் 1991இல் அன்ட்ரூ வைன்ஸ்டீன் என்பவர் இதனை உதைபந்தாட்டத்துக்குக் கொண்டுவந்தார். பிரீமியர் லீக் நிர்வாகம் தனது சொந்த ஆட்டத்தை 2002இல் ஆரம்பித்தது. நாம் இங்கு பேசுவது அதனைப் பற்றியே.

ஆட்டத்தில் சேர்பவருக்கு 100 மில்லியன் பவுண் கற்பனைப் பணம் வழங்கப்படுகின்றது. அதனைக் கொண்டு 2 கோல்காப்பாளர்கள், 5 பின்கள வீரர்கள், 5 மத்தியகள வீரர்கள், 3 முன்கள வீரர்கள் என 15 பேர் கொண்ட குழாத்தைத் தெரிவு செய்ய வேண்டும். ஒரே கழகத்திலிருந்து மூவருக்கு மேல் எடுக்க முடியாது. வாரந்தோறும் இவர்களுள் 11 பேரைக் களமிறக்கி, ஒருவரைத் தலைவராக நியமிக்க வேண்டும். தலைவர் பெறும் புள்ளிகள் இரட்டிப்பாகும். அவர் ஆடாது போனால் அச்சலுகை உப தலைவருக்குச் செல்லும்.

புள்ளிகள் வழங்கப்படும் முறையை விளங்கிக் கொள்ளாமல் அணி அமைப்பதே புதியவர்கள் பலரதும் தவறு. அறுபது நிமிடங்கள் ஆடினால் 2 புள்ளிகள். முன்கள வீரர் கோல் அடித்தால் 4, மத்தியகள வீரர் அடித்தால் 5, பின்கள வீரர் அடித்தால் 6. கோலுக்கு வழிசமைத்தவருக்கு 3. எதிரணி கோல் எதனையும் பெறாவிடின் கோல்காப்பாளருக்கும் பின்கள வீரருக்கும் தலா 4 புள்ளிகள் கிடைக்கும். மஞ்சள் அட்டைக்கு ஒரு புள்ளியும் சிவப்பு அட்டைக்கு மூன்றும் குறைக்கப்படும். 2025/26 பருவகாலத்தில், பந்தைத் தடுத்தல், பறித்தல் போன்ற தற்காப்புப் பணிகளுக்கும் 2 புள்ளிகள் சேர்க்கப்பட்டன. விதிகள் பருவத்துக்குப் பருவம் மாறுவதால், பதிவு செய்யுமுன் அவற்றை ஒருமுறை வாசிப்பது அவசியம்.

இவ்விதிகளுக்குள் சில வாய்ப்புகள் மறைந்துள்ளன. லிவர்பூலின் மொஹமட் சலாஹ் முன்களத்தில் ஆடியபோதிலும், 2024/25இல் மத்தியகள வீரராகவே வகைப்படுத்தப்பட்டிருந்தார். அதனால் அவரது ஒவ்வொரு கோலுக்கும் ஒரு புள்ளி கூடுதலாகக் கிடைத்தது. அப்பருவத்தில் 29 கோல்களைப் பெற்ற அவர், 344 புள்ளிகளுடன் இவ்வாட்டத்தின் சாதனையையும் படைத்தார். மறுபுறம், 2023/24இல் செல்சி கழகத்தின் பால்மருக்கு ஆரம்பத்தில் 5 மில்லியனே விலை. பெனால்டி உதைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தபின், அவர் பெற்ற 22 கோல்களில் 9 அவ்வழியிலேயே வந்தன. விலையுயர்ந்த பெயர்களைத் தேடுவதிலும், மலிவானவர்களுள் யார் நாள்தோறும் ஆரம்ப அணியில் ஆடுகின்றார், யார் பெனால்டி உதைக்கின்றார் என்பதைக் கவனிப்பதே மேலானது. தமக்குப் பிடித்த கழகத்தின் மூவரைக் கண்ணை மூடிக்கொண்டு சேர்ப்போர் அநேகர். அபிமானத்துக்கு இங்கு புள்ளிகள் இல்லை.

வாரத்துக்கு ஒரு வீரரை இலவசமாக மாற்றலாம். பயன்படுத்தாத வாய்ப்புகளை ஐந்து வரை சேமிக்கவும் முடியும். அதற்கு மேலான ஒவ்வொரு மாற்றத்துக்கும் 4 புள்ளிகள் கழிக்கப்படும். ஒரு கோலுக்கு நிகரான இத்தண்டத்தை, ஒரு வாரம் சோபிக்காத வீரர் மீதான கோபத்தில் செலுத்துவோரே ஆண்டிறுதியில் பின்தங்குகின்றனர்.

இனி, பணம் பற்றிய விடயத்துக்கு வருவோம். பிரீமியர் லீக்கின் ஆட்டத்தில் சேரக் கட்டணம் எதுவுமில்லை. ஆனால் இதே பெயரில், கட்டணம் பெற்றுப் பணப்பரிசு வழங்கும் செயலிகள் பல உலகில் உள்ளன. இவை திறமைக்குரிய ஆட்டமா, சூதா என்ற வழக்கு நெடுங்காலமாக நீடிக்கின்றது. 2015இல் நியூயோர்க் மாநிலச் சட்டமா அதிபர் இவ்வகையான இரு பெரும் நிறுவனங்களுக்குத் தடை உத்தரவிட்டார். மறு ஆண்டிலேயே அம்மாநிலம் சட்டமியற்றி அவற்றை அனுமதித்தது. இந்தியாவோ 2025 ஓகஸ்டில் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை முற்றாகத் தடை செய்தது. சட்டம் எப்படியிருப்பினும், அனைவரும் பணம் கட்டித் தோற்றவரின் பங்கை வென்றவர் எடுத்துச் செல்லும் இடத்தில் திறமை என்ற வாதம் வலுவிழந்து விடுகின்றது என்றே நாம் கருதுகின்றோம். சூதாட்டத்தை இஸ்லாம் தெளிவாக விலக்கியுள்ளது. திருக்குறளும் சூதுக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியுள்ளது. நண்பர்கள் ஆளுக்கு ஆயிரம் ரூபா சேர்த்து நடத்தும் சிறு லீக்குகளுக்கும் இது பொருந்தும். பணம் சேராத லீக்கில் போட்டியின் சுவை சற்றும் குறைவதில்லை. ஒரு வார முடிவுக்காக உறக்கம் இழக்க வேண்டிய நிலையும் ஏற்படாது.

உறக்கம் என்றதும் நேர வேறுபாட்டையும் குறிப்பிட வேண்டும். ஒவ்வொரு சுற்றினதும் முதல் போட்டிக்கு 90 நிமிடங்களுக்கு முன்னர் அணித் தெரிவு மூடப்படும். சனிக்கிழமை இங்கிலாந்து நேரப்படி 12.30க்கு முதல் போட்டியெனில், எமது நாட்டில் கோடைப்பருவத்தில் பிற்பகல் 3.30க்கும், அங்கு கடிகாரம் பின்தள்ளப்படும் ஒக்டோபர் இறுதியின் பின்னர் 4.30க்கும் மூடப்படும். வெள்ளி இரவில் போட்டி இருப்பின் இது எமக்கு நள்ளிரவை அண்மிக்கும். எனவே வியாழனன்றே அணியை ஒழுங்குசெய்து, மறுநாள் உபாதைச் செய்திகளை மட்டும் பார்த்துக்கொள்வது வசதியானது.

ஓகஸ்டைத் தவறவிட்டவர்கள் அடுத்த ஆண்டு வரை காத்திருக்கத் தேவையில்லை. பருவத்தின் எந்த வாரத்திலும் இணையலாம். குறிப்பிட்ட வாரத்திலிருந்து மட்டும் புள்ளிகள் கணக்கிடப்படும் வகையில் நண்பர்களுக்கான தனி லீக் ஒன்றையும் அமைத்துக்கொள்ளலாம்.