வயர் இணைப்பில் அலட்சியம் வேண்டாம்

வீட்டுக்கு மின்விசிறி வாங்கும்போது எந்த நிறுவனத்தின் தயாரிப்பு, எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று பலமுறை விசாரிப்பவர்கள், அதை மேலே மாட்டும்போது வயர்களை எதைக் கொண்டு இணைத்தார்கள் என்று கேட்பதில்லை. சில காசுக்குக் கிடைக்கும் சிறிய பிளாஸ்டிக் மூடிதானே என்ற எண்ணம்தான் காரணம். ஆனால் அந்த மூடி உட்கூரைக்கு மேலே, யார் கண்ணுக்கும் படாத இடத்தில், பத்து இருபது ஆண்டுகள் மின்சாரத்தைத் தாங்கி நிற்க வேண்டும். அது தளர்ந்தால் அந்த வீட்டில் யாருக்கும் உடனே தெரியாது. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

வீட்டில் எம்.சி.பி. இருக்கிறது, இ.எல்.சி.பி. இருக்கிறது, கோளாறு என்றால் தானாக விழுந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். இது பாதி உண்மைதான். எம்.சி.பி. அளவுக்கு மீறிய மின்னோட்டத்தைக் கண்டால் துண்டிக்கும். இ.எல்.சி.பி. மின்சாரம் வெளியே கசிந்தால் துண்டிக்கும். தளர்ந்த இணைப்பு ஒன்று சூடேறும்போது இந்த இரண்டில் எதுவும் நடப்பதில்லை.

சூடு எப்படிப் பிறக்கிறது?

ஒரு கணக்கைப் பார்க்கலாம். குளியலறையில் உள்ள 3.45 கிலோவாட் வாட்டர் ஹீட்டர் 230 வோல்ட்டில் 15 ஆம்பியர் மின்னோட்டம் எடுக்கிறது. நல்ல இணைப்பின் மின்தடை ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், அங்கே பிறக்கும் வெப்பம் கால் வாட்டுக்கும் குறைவு. கையால் தொட்டாலும் தெரியாது. அதே இணைப்பு தளர்ந்து மின்தடை 0.1 ஓம் ஆகிவிட்டால் வெப்பம் 22.5 வாட்டாக உயர்கிறது. ஈயம் உருக்கப் பயன்படும் சிறிய சால்டரிங் அயர்ன் ஏறக்குறைய இந்த அளவில்தான் சூடேறுகிறது. வீட்டு வயரின் சாதாரண பிவிசி உறையோ 70 டிகிரி செல்சியஸ் வரைக்கும்தான் ஏற்றது.

இவ்வளவு நடந்தும் எம்.சி.பி. ஏன் விழுவதில்லை? ஹீட்டரின் மின்தடை ஏறக்குறைய 15 ஓம். அதோடு 0.1 ஓம் கூடினால் மின்னோட்டம் சிறிது குறையத்தான் செய்யும், கூடாது. ஆகவே எம்.சி.பி.யின் பார்வையில் எல்லாம் சரியாகவே இருக்கிறது. சூட்டில் செம்பு விரிகிறது, ஆறும்போது சுருங்குகிறது, பிடி மேலும் தளர்கிறது, செம்பின் மேல் கறை படிகிறது, மின்தடை இன்னும் ஏறுகிறது. ஒவ்வொரு குளியலுக்கும் இது ஒரு படி முன்னேறுகிறது. இந்த இடத்தில் வீட்டைக் காப்பது முதல் நாள் போட்ட இணைப்பின் தரம் மட்டுமே.

திருகு மூடியின் வேலை

வயர் நட் எனப்படும் திருகு மூடி வட அமெரிக்காவில் பரவலாகப் புழங்கும் பொருள். அதன் முன்னோடியை 1914இல் கனடாவில் உருவாக்கியவர் வில்லியம் பி. மார். அதுவரை வயர்களை முறுக்கி, ஈயம் பற்றவைத்து, துணிப்பட்டை சுற்றுவதுதான் வழக்கம்.

இன்றைய நல்ல மூடியின் உள்ளே கூம்பு வடிவில் ஓர் எஃகுச் சுருள் இருக்கும். அந்தச் சுருளின் விளிம்பு கூர்மையாக இருப்பதால், திருகும்போது செம்பில் லேசாகக் கடித்து இறங்கும். சுருள் சற்றே விரிந்து, ஸ்பிரிங் போல வயர்களை எப்போதும் நெருக்கிக்கொண்டே இருக்கும். செம்பு விரிந்தாலும் சுருங்கினாலும் பிடி விடாததற்கு இதுவே காரணம். முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றிய இணைப்பில் இந்த நெருக்குதல் இல்லை. சூட்டில் டேப்பின் பசையும் இளகிவிடும். தீபாவளி விளக்குச் சரத்துக்காக அவசரத்தில் போட்ட டேப் இணைப்பை அப்படியே ஆண்டுக்கணக்கில் விட்டுவைப்பது ஆபத்தை விலைகொடுத்து வாங்குவதற்குச் சமம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

முதலாவது, மூடியின் உள்ளே எஃகுச் சுருள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெறும் மரை மட்டும் வெட்டிய மூடியை விட்டுவிடலாம்.

இரண்டாவது, பெட்டியில் எழுதியிருக்கும் அளவு. எந்தக் கனமுள்ள வயர் எத்தனை சேரலாம் என்று அதில் குறித்திருக்க வேண்டும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வீடுகளில் 1.5, 2.5, 4 சதுர மில்லிமீட்டர் வயர்கள் புழங்குகின்றன. அமெரிக்கச் சந்தைக்குச் செய்த மூடிகளிலோ கேஜ் கணக்கு இருக்கும். 14 கேஜ் ஏறக்குறைய 2.1 சதுர மில்லிமீட்டர். 12 கேஜ் 3.3. இங்குள்ள 2.5 வயர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஆகவே சதுர மில்லிமீட்டரில் அளவு அச்சிட்ட மூடியே இங்கு ஏற்றது. நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. ஒரு நிறுவனத்தின் மஞ்சளும் இன்னொரு நிறுவனத்தின் மஞ்சளும் ஒரே அளவாக இருக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, தர முத்திரை. திருகு மூடிகளுக்கென்றே ஐ.இ.சி. 60998-2-4 என்ற அனைத்துலகத் தரம் உண்டு. அமெரிக்கப் பொருளில் யு.எல். 486சி என்று இருக்கும். எந்த எண்ணும் இல்லாமல் பையில் கொட்டி விற்பதைத் தவிர்ப்பது நல்லது.

நான்காவது, இங்கு அதிகம் நடக்கும் குழப்பம். ஹார்ட்வேர் கடைகளில் கிடைக்கும் வெள்ளை நைலான் தொப்பிகள் சில, பார்வைக்குத் திருகு மூடி போலவே இருக்கும். அவற்றின் உள்ளே சுருள் இல்லை. ஓர் உலோகக் குழல்தான் உண்டு. அவற்றை அதற்குரிய கருவியால் நசுக்கிப் பிடிக்க வைக்க வேண்டும். கையால் திருகினால் பிடிக்காது.

அமெரிக்கா கற்ற பாடம்

செம்பின் விலை ஏறியதால் 1965 முதல் 1973 வரை அமெரிக்காவில் ஏராளமான வீடுகளுக்கு அலுமினிய வயர் போட்டார்கள். பின்னர் பல வீடுகளில் இணைப்புகள் சூடேறித் தீப்பிடித்தன. கோளாறு பெரும்பாலும் வயரின் நடுவில் வரவில்லை. சேரும் இடங்களில்தான் வந்தது. அலுமினியத்தையும் செம்பையும் சாதாரணத் திருகு மூடியால் இணைப்பதை நிலையான பரிகாரமாக அந்நாட்டின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் ஏற்கவில்லை. செம்புக்குச் செய்த மூடி செம்புக்கு மட்டுமே.

பொருத்தும்போது

பெட்டியில் சொன்ன நீளத்துக்கு மட்டும் உறையை உரிக்க வேண்டும். திருகி முடித்தபின் மூடிக்குக் கீழே செம்பு தெரியக் கூடாது. ஒவ்வொரு வயரையும் தனித்தனியாக இழுத்துப் பார்க்க வேண்டும்; ஒன்று வந்தாலும் புது மூடி போட்டு மறுபடி செய்ய வேண்டும். ஒருமுறை விரிந்த சுருள் மெல்லிய வயரை முன்போல் பிடிக்காது. இணைப்பு முழுவதும் பெட்டிக்குள் இருக்க வேண்டும். பிற்பாடு திறந்து பார்க்கவும் வழி வேண்டும். ஈரம் படும் இடங்களுக்கு அதற்கென்றே பசை நிரப்பிய மூடி தேவை. வாட்டர் ஹீட்டருக்கோ, சுவிட்சிலிருந்து ஹீட்டர் வரை நடுவில் இணைப்பே இல்லாத ஒரே வயர்தான் சிறந்தது.

இவற்றைத் தெரிந்துகொள்வது வீட்டுக்காரர் தாமே வயரில் கை வைப்பதற்காக அல்ல. மலேசியாவில் எரிசக்தி ஆணையத்திடம் பதிவு பெற்றவர்களும், சிங்கப்பூரில் எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளர்களும் செய்ய வேண்டிய வேலை இது. வீட்டுக்காரர் செய்ய வேண்டியது கேட்பது. உட்கூரையை மூடுவதற்கு முன் இணைப்புகளைக் காட்டச் சொல்லலாம். கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைக்கலாம். நல்ல வயர்மேன் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

விளக்கு மினுக்கினாலோ, சுவிட்சின் முகப்பு சூடாகவோ பழுப்பாகவோ மாறினாலோ, பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தாலோ, எம்.சி.பி. விழவில்லையே என்று காத்திருக்கக் கூடாது. அந்தச் சுற்றை உடனே அடைத்துவிட்டு, அன்றே ஆளை அழைக்க வேண்டும்.