வீட்டில் ஒலிப்பதிவு: சிறுபொருளிற் பெரும்பயன்

விழா நெருங்க நெருங்க, வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவரிடமிருந்து எமக்கு வரும் மடல்களிற் பல ஒரே வினாவைத் தாங்கி வருகின்றன. "சேர், ஊரிலிருக்கும் அப்புவின் குரலைப் பதிந்து வைக்க விரும்புகின்றேன், என்ன கருவி வாங்கலாம்?" என்பார் ஒருவர். "தமிழ் மன்றத்துக்கு ஒலிப்பதிவுக் கருவி அனுப்ப எண்ணியுள்ளோம், ஆயிரம் டொலர் போதுமா?" என்பார் மற்றொருவர். தனித்தனியே விடையெழுதிக் கை சலித்தமையால், அவ்விடையை இம்மலரிலே பொதுவாக எழுதிவிடத் துணிந்தோம். ஆயிரம் டொலர் வேண்டியதில்லை. அதில் மூன்றிலொரு பங்கு போதும். அதிலும் மிச்சம் பிடிக்கலாம். யாம் தமிழ் கற்பிப்பவரேயன்றிப் பொறியியல் கற்றவரல்லேம். ஆயினும், மாணவருடன் சேர்ந்து சில ஆண்டுகளாக முதியோர் குரல்களைப் பதிந்து வருகையிற் பட்டறிந்தவை சில உள. அவற்றுள் முதலாவது எமக்கு வெட்கந் தருவது. எனினும் அதிலிருந்தே தொடங்குதல் முறை.

நெடுங்காலம் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் கந்தபுராண படனத்தில் வல்லவராயிருந்தார். கோயிலிலே அவர் புராணம் வாசிக்க, இன்னொருவர் பயன் சொல்ல, அதனைக் கேட்டு வளர்ந்தவர் யாம். பயன் சொன்னவர் முன்னரே மறைந்துவிட்டார். வாசித்தவருக்கு அப்பொழுது எண்பத்தேழு வயது. செய்யுளைச் சேர்த்தும் பிரித்தும் அவர் இசையோடு வாசிக்கும் முறையைப் பின்பற்றுவார் அவ்வூரில் எவருமிலர். ஆகவே அவரைப் பதிந்து வைக்க மாணவர் விரும்பினர். விடுமுறையில் வந்திருந்த பழைய மாணவரொருவர் தாம் கொணர்ந்த விலையுயர்ந்த ஒலிவாங்கியை மனமுவந்து தந்தார். யாம் அதனைப் பெரியவர் வீட்டு விறாந்தையிலே, அவருக்கு ஐந்தடி தள்ளி, மேசை மீது பூவேலை செய்த துணி விரித்து வைத்தோம். வெக்கை மிகுதியால் மின்விசிறியும் சுழன்றது. பெரியவர் அன்று நல்ல உற்சாகத்திலிருந்தார். சூரபன்மன் வதைப் படலத்தை எடுத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் வாசித்தார். வீட்டுக்கு வந்து பதிவைக் கேட்டபோது காகமும், வீதியிற் சென்ற ஓட்டோவும், அயற்கோயில் ஒலிபெருக்கியும், மின்விசிறியும் மிகத் துலக்கமாகக் கேட்டன. பெரியவர் மாத்திரம் கிணற்றுக்குள் இருந்து வாசிப்பவர் போலிருந்தார்.

குற்றம் ஒலிவாங்கியின் மீதன்று. அது தன் விலைக்கேற்ப, அங்கிருந்த ஒலிகள் அனைத்தையும் பாரபட்சமின்றி வாங்கித் தந்தது. எமக்குத் தெரியாதிருந்தது தூரத்தின் கணக்கேயாகும். திறந்த வெளியில், ஒலி பிறக்கும் இடத்திலிருந்து தூரம் இருமடங்காகும்தோறும் நேரே வரும் ஒலி 6 டெசிபெல் குறையும். பத்து மடங்காயின் 20 டெசிபெல் குறையும். அஃதாவது வாய்க்கு 15 சென்ரிமீற்றர் அருகில் இருக்கவேண்டிய ஒலிவாங்கியை ஒன்றரை மீற்றருக்கு அப்பால் வைப்பின், குரல் 20 டெசிபெல் தாழ்ந்துவிடும். மின்விசிறியின் இரைச்சலும், சீமெந்துத் தரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பும் எதிரொலியுமோ அவ்வாறு தாழா. அறையில் எங்கு வைத்தாலும் அவை ஏறக்குறைய ஒரே அளவின. எத்துணை விலை கொடுத்து வாங்கிய கருவியும் இக்கணக்கை மாற்ற வல்லதன்று. ஒலிவாங்கியை அருகே நகர்த்துவதற்கோ ஒரு சதமும் செலவில்லை.

மலிவான கருவியால் நல்ல பதிவு ஆகுமோ என்று ஐயுறுவார்க்கு அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லலாம். புறூஸ் ஸ்பிறிங்ஸ்ரீன் என்னும் புகழ்பெற்ற பாடகர் 1982ஆம் ஆண்டு ஜனவரியில், நியூ ஜேர்சி மாநிலத்திலுள்ள தம் வீட்டு அறையொன்றிலிருந்து சில பாடல்களைப் பாடிப் பதிந்தார். அவர் பயன்படுத்தியது 1979இல் வெளிவந்த டீயாக் போர்ட்டாஸ்டூடியோ 144 என்னும் கருவி. சாதாரணக் கசற்றிலே நான்கு தடங்களிற் பதியக்கூடியது அது. அதனோடு ஷூர் எஸ்.எம். 57 என்னும் ஒலிவாங்கிகள் இரண்டு. பின்னர் தம் குழுவினரோடு சேர்ந்து முறையாகப் பதிவதற்கு மாதிரியாகவே இதனைச் செய்தார். அக்கசற்றை உறையுமில்லாமற் காற்சட்டைப் பையிலே கொண்டு திரிந்தார். பெரிய ஒலிப்பதிவுக்கூடத்திலே எல்லா வசதிகளோடும் அப்பாடல்களை மீண்டும் பதிந்தபோது வீட்டுப் பதிவில் இருந்த உயிர் அவற்றில் வரவில்லை. ஈற்றில் அந்தக் கசற்றே இசைத்தட்டாகி, "நெபிறாஸ்கா" என்னும் பெயரில் அவ்வாண்டு செப்டெம்பரில் வெளிவந்தது. கசற்றிலிருந்து தட்டுக்கு மாற்றுவதற்கு வல்லுநர் மிகவும் இடர்ப்பட்டனர் என்பதையும் மறைத்தலாகாது. அவ்விடர் இன்று நமக்கில்லை. கசற்றின் இரைச்சலுக்கும் உச்ச ஒலிக்கும் இடைப்பட்ட வீச்சு 50 அல்லது 60 டெசிபெல் அளவினது. இன்றைய மிக மலிவான 16 பிற் எண்ணிமப் பதிவும் 96 டெசிபெல் வீச்சுத் தரவல்லது. எம் வீடுகளில் அமைதியான அறையிலும் 30 டெசிபெல் அளவு ஓசை இருந்தே தீருமாதலின், அதற்கு மேற்பட்ட நுட்பத்துக்குக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் வீணே.

மேற்கூறிய எஸ்.எம். 57 ஒலிவாங்கி 1965இல் வெளிவந்து இன்றுவரை விற்பனையாகின்றது. அதன் உடன்பிறப்பாகிய எஸ்.எம். 58 அடுத்த ஆண்டில் வந்தது. அமெரிக்க ஜனாதிபதிகள் உரையாற்றும் மேடைகளிற் காணப்படுவதும் எஸ்.எம். 57 வகையே. அமெரிக்காவில் நெடுங்காலமாக நூறு டொலரளவிலே இது விற்கப்பட்டு வந்துள்ளது. இவை இயங்குசுருள் வகையின. மெல்லிய தகட்டோடு இணைந்த கம்பிச்சுருள் காந்தப்புலத்திலே அசைய மின் பிறக்கின்றது. விஞ்ஞான பாடத்தில் ஒடுக்கி எனப் படிக்கும் கண்டென்சர் முறையில் அமைந்தவை மற்றொரு வகை. அவை நுண்ணிய ஒலிகளையும் பற்றுவன. பெரும்பாலும் 48 உவோற்று மின்னழுத்தம் வெளியிலிருந்து ஊட்டப்படல் வேண்டும். இயங்குசுருள் வகை அயலிரைச்சலைத் தானே விலக்கிவிடும் என்று கடைக்காரர் சொல்வர். அது முழுதும் சரியன்று. அவ்வகையின் உணர்திறன் குறைவாதலின், நல்ல ஒலி வேண்டுமாயின் வாய்க்கு அருகே வைத்தே தீரல் வேண்டும். அருகே வைப்பதனால் அயலிரைச்சல் பின்தங்குகின்றது. கண்டென்சரையும் அவ்வாறே அருகில் வைத்திருந்தால் அன்று யாம் தப்பியிருப்போம்.

அருகே வைக்கும்போது இரண்டு விளைவுகள் உண்டு. ஒன்று, குரலின் தாழ்ந்த பகுதி மிகுந்து ஒலிக்கும். முதுமையால் மெலிந்த குரலுக்கு இது நன்மையே. மற்றையது, மொழிமுதற் பகரம் வெடித்துக் கேட்கும். பகரமும் மகரமும் இதழிரண்டும் கூடப் பிறப்பன என்று இலக்கணம் படித்தவர் நாம். மகரத்துக்குக் காற்று மூக்கின்வழியும் போய்விடுதலால் அது தொல்லை செய்வதில்லை, பகரமே கருவியை மோதுகின்றது. ஒலிவாங்கியை வாய்க்கு நேரே நீட்டாமல் கடைவாய்ப் பக்கமாகச் சிறிது ஒதுக்கி வைப்பின் அவ்வெடிப்பு அடங்கும்.

இனி, வாங்குவோர் ஏமாறும் இடமொன்று. புகழ்பெற்ற ஒலிவாங்கிகளுக்குப் போலிகள் மலிந்துள்ளன. அரைவிலைக்குக் கிடைத்ததென்று எம்மிடம் ஒருவர் காட்டிய எஸ்.எம். 58ஐக் கையில் எடுத்தபோதே ஐயம் பிறந்தது. உண்மையானது 298 கிராம் நிறையுடையது. அதுவோ பாடசாலைத் தராசில் மிகக் குறைந்து நின்றது. இன்னுமொன்று, பொன்னிறத் தலையும் வளையுங் கையும் கடற்பஞ்சும் கம்பி வலையும் ஒரே பெட்டியில் அடுக்கிக் குறைந்த விலைக்கு விற்கும் தொகுதிகள். பார்வைக்கு வானொலி நிலையமே வந்திறங்கியது போலிருக்கும். அப்பணத்தை ஒலிவாங்கி ஒன்றிலே போடுதல் நன்று.

ஒலிவாங்கியைக் கணினியோடு இணைப்பது இடைமுகப் பெட்டி. நுண்ணிய மின்னலையைப் பெருக்கி எண்ணாக மாற்றுவது அதன் தொழில். முன்னாளிற் பெருஞ்செலவு பிடித்த இத்தொழிலே இன்று மிக மலிந்துள்ளது. பெறிங்கர் யூ.எம்.சி. 202 எச்.டி. போன்ற சிறுபெட்டி 24 பிற் பதிவும் இரண்டு ஒலிவாங்கிகளுக்கு இடமும் தருகின்றது. மலிந்த பெட்டிகளின் குறை யாதெனின், பெருக்கத்தை முடிவு வரை திருகினாற் 'சூ' என்னும் இரைச்சல் எழுவதே. அதற்கும் மருந்து ஒலிவாங்கியை அருகே கொண்டுவருவதுதான். குரலின் உச்சம் பூச்சியத்துக்கு 12 டெசிபெல் கீழே நிற்குமாறு அளவை வைத்துக்கொள்க. இவற்றைத் தனித்தனியே வாங்க மனமில்லாதவருக்கு, யூ.எஸ்.பி. வழியே நேரடியாகக் கணினியிற் பொருந்தும் இயங்குசுருள் ஒலிவாங்கிகளும் உள. சாம்சன் கியூ 2 யூ அத்தகையது. பின்னாளில் இடைமுகப் பெட்டி வாங்கினால் அதிலும் இதனைப் பொருத்தலாம். பதிந்ததைத் திருத்துவதற்கு ஓடாசிற்றி என்னும் மென்பொருள் 2000ஆம் ஆண்டு முதல் இலவசமாகவே கிடைத்து வருகின்றது.

ஹெட்போன் காதை முழுதும் மூடுவதாயும் வயருள்ளதாயும் இருத்தல் போதும். அதனை மாட்டிக்கொண்டு பதிவதே முக்கியம். அன்று யாம் மாட்டியிருந்தால் முதல் நிமிடத்திலேயே மின்விசிறியை நிறுத்தியிருப்போம்.

எதுவும் வாங்க இயலாதவர் கைத்தொலைபேசியை இகழ வேண்டா. 1962இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வெஸ்ற், செஸ்லர் என்னும் இருவர், நிலையாக மின்னேற்றம் பெற்ற மென்தகட்டைக் கொண்டு ஒலிவாங்கி அமைத்தனர். சிறிய, மலிவான, நல்ல ஒலிவாங்கிகள் உலகெங்கும் பரவ அதுவே வழிவகுத்தது. தொலைபேசியை விமானப் பயண நிலையில் வைத்து, ஒரு சாண் தூரத்தில் நிறுத்திப் பதிந்தாற் பேச்சு நன்றாகவே அமையும். இசைக்கு மாத்திரம் எச்சரிக்கை வேண்டும். உரையாடலுக்கென அமைந்த செயலிகள் சில, விடாது ஒலிப்பதனையெல்லாம் இரைச்சலெனக் கருதி அகற்றுவன. சுருதிப்பெட்டியை அவை மின்விசிறியென்றே எண்ணிவிடுகின்றன! இரைச்சல் நீக்கத்தை நிறுத்தக்கூடிய செயலியையே இசைப் பதிவுக்குத் தெரிந்துகொள்க.

அறையைப் பற்றிச் சொல்லாமல் விடலாகாது. விறாந்தையும் மண்டபமும் ஆகா. கட்டிலும் பஞ்சு மெத்தையும் உடுப்புகள் தொங்கும் அலுமாரியும் உள்ள சிறிய படுக்கையறையே சிறந்தது. முட்டைத் தட்டுகளைச் சுவரில் ஒட்டுவதாற் பெரும்பயனில்லை. பேசுபவருக்குப் பின்னே கொடி கட்டித் தடித்த போர்வைகள் இரண்டைத் தொங்கவிட்டால் எதிரொலி கண்கூடாகக் குறையும். மடிக்கணினியின் மின்னேற்றியைக் கழற்றிவிட்டால், மின்வழங்கலின் 50 ஹேட்ஸ் முரற்சி பதிவிற் கலப்பதும் பெரும்பாலும் ஒழியும்.

இவற்றையெல்லாம் ஓரளவு கற்றுக்கொண்டு, இரண்டு மாதங்களின் பின் அப்பெரியவரிடம் மீண்டும் போனோம். இம்முறை கொண்டுசென்றது பரிசளிப்பு விழாக்களிற் பயன்பட்டுப் பூச்சுக் கழன்றிருந்த பழைய இயங்குசுருள் ஒலிவாங்கியும், மாணவனொருவன் இரவலாகத் தந்த சிறு இடைமுகப் பெட்டியும். உள்ளறையில் மெத்தையைச் சுவரில் நிமிர்த்தி, கோயிற் பூசை முடிந்து ஊர் அடங்கிய பின் தொடங்கினோம். ஒவ்வொரு எழுத்தும் துலங்கியது; அடிகளுக்கிடையே அவர் மூச்செடுப்பதும் கேட்டது. ஆனால் அந்த இரண்டு மாதத்தில் அவர் மிகத் தளர்ந்திருந்தார். சூரபன்மன் வதைப் படலத்தை மறுபடி வாசிக்குமாறு கேட்டோம். "அதுக்கு இப்ப மூச்சுக் காணாது தம்பி" என்று சொல்லி, வள்ளியம்மை திருமணப் படலத்திற் சில செய்யுள்களை வாசித்தார். அரைமணி நேரப் பதிவு. மூன்றாம் முறை செல்வதற்குள் அவர் சிவபதமடைந்தார்.

முதல்நாட் பதிவைத் திருத்தலாமோ என்று ஓடாசிற்றியிற் பலநாள் முயன்றோம். மின்விசிறியின் இரைச்சல் ஒருவாறு குறைந்தது. குறையக் குறைய அவர் குரலும் தகரத்திற் பட்டது போலாயிற்று. எதிரொலியை அகற்ற எம்மால் இயலவில்லை. இரண்டையும் வைத்திருக்கின்றோம், வதைப் படலத்தைக் கேட்க விரும்புவோர் காகத்தோடும் விசிறியோடும் சேர்த்தே கேட்கவேண்டும்.

மன்றத்துக்கு உதவ விரும்பும் அன்பர்கள் உண்மையான இயங்குசுருள் ஒலிவாங்கி இரண்டும், இரண்டு வாயில்களுள்ள இடைமுகப் பெட்டி ஒன்றும், மூடிய ஹெட்போன் ஒன்றும் அனுப்புவார்களாயின் பேருதவியாகும். ஒலிவாங்கித் தாங்கிகள் இரண்டும், ஐந்து மீற்றர் எக்ஸ்.எல்.ஆர். வயர்கள் மூன்றும் உடன் வருதல் வேண்டும். ஒரு வயர் எப்பொழுதும் பழுதாகும். இம்மாவட்டத்திலே இன்னும் புராணம் வாசிக்கும் முதியவர் நால்வரை மாணவர் தேடி வைத்துள்ளனர். அவருள் இளையவருக்கு எழுபத்தொன்பது வயது.