இரவு நாடகமும் டி.வி.டி. ஒலியும்

மேலூரைச் சூழ்ந்த சிற்றூர்களிலே, திருவிழாக் காலங்களில் இரவு பத்து மணியளவில் தொடங்கிப் பொழுது புலருமட்டும் நடைபெறும் ‘வள்ளி திருமணம்’ முதலிய நாடகங்களைக் கண்டறியாதார் நம்முள் மிகச் சிலரே. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்தளித்த அந்நாடகங்கள் பலர் வீடுகளில் வீடியோ நாடாக்களாய் உறங்குகின்றன. அவற்றை டி.வி.டி. தட்டுகளாக்க முற்படுவோர் படத்தின் தெளிவைப் பற்றியே கவல்கின்றனர். ஒலியைப் பற்றி எண்ணுவார் அரியர். அந்நாடகமோ பாட்டினாலும் ஆர்மோனியத்தாலும் மிருதங்கத்தாலும் உயிர் வாழ்வது.

நாம் முதன்முதல் செய்த தட்டு ஊமைத் தட்டாய் முடிந்தது. கணிப்பொறியில் நன்றாய்ப் பாடிய நாரதர், ஊரில் உறவினர் வீட்டுக் கருவியில் வாயை மட்டும் அசைத்தார். கூடியிருந்த பெரியோர் நகைத்தனர். காரணம் பின்னரே விளங்கிற்று: நாம் ஒலியை எம்.பி.3 ஆக்கி வைத்திருந்தோம். உலகெங்கும் வழங்குவதாயினும், டி.வி.டி. வீடியோவிற்கு வகுக்கப்பட்ட விதிகளில் அதற்கு இடமில்லை.

அவ்விதிகள் ஏற்பன முக்கியமாக மூன்று. பி.சி.எம். என்பது ஒலியைச் சிறிதும் குறைக்காது வைப்பது. ஏ.சி.-3, எம்.பி.2 என்பன, பேரொலியில் மறைந்து செவிக்கு எட்டாத நுண்ணொலிகளை நீக்கிச் சுருக்குவன. டி.டி.எஸ். என நான்காவதொன்றும் உண்டு. அதனை எல்லாக் கருவிகளும் பாடா.

இனி இடக் கணக்கைக் காண்போம். சாதாரணத் தட்டொன்று 470 கோடி பைட்டு கொள்ளும். இரு வழி ஒலி, பி.சி.எம். முறையில் விநாடிக்கு 1,536 கிலோபிட்டு வீதம் மணிக்கு ஏறக்குறைய 69 கோடி பைட்டை விழுங்கும். அதே ஒலி ஏ.சி.-3 முறையில் 192 கிலோபிட்டு வீதம் 9 கோடிக்கும் குறைவாகவே கேட்கும். ஆறு மணி நேர நாடகத்தை இரண்டு தட்டுகளில் அடக்க விரும்பினால், படத்திற்கும் ஒலிக்கும் சேர்த்து விநாடிக்குச் சுமார் 3,480 கிலோபிட்டே கிடைக்கும். பி.சி.எம். அதில் ஏறத்தாழப் பாதியைக் கவர்ந்துகொள்ளும்; வேடன் வேடமும் கிழவன் வேடமும் கட்டங்கட்டமாய்ச் சிதைந்து தோன்றும். ஆகவே இரவு நாடகத்திற்கு ஏ.சி.-3 முறையே தக்கதென்பது நம் கருத்து.

ஒரு மணி நேர நாகசுரக் கச்சேரியாயின் நிலை வேறு. அப்போது தட்டில் இடம் மிகுதி. படமும் ஒலியும் சேர்ந்து விநாடிக்கு 10,080 கிலோபிட்டைத் தாண்டலாகாது என்னும் விதியே முன்னர்த் தடுக்கும். அங்கே ஒலியைச் சுருக்குவது வீண் கஞ்சத்தனம், பி.சி.எம். முறையையே கைக்கொள்க.

எம்.பி.2 பால் முறை வழங்கும் நம் நாட்டிற்கு ஒவ்வும். ஆயினும் அமெரிக்காவிலோ ஜப்பானிலோ உள்ள உறவினர்க்கென அந்நாட்டு என்.டி.எஸ்.சி. முறையில் தட்டுச் செய்வோர், பி.சி.எம்., ஏ.சி.-3 என்னும் இரண்டிலொன்றை வைத்தே தீரவேண்டும்.

இவை யாவினும் கவனிக்கத்தக்கது சுருதி. இசைத் தட்டாகிய சி.டி. ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளக்கும், டி.வி.டி.க்கு 48,000 முறை என்பது வழக்கு. ஒலிநாடாவிலிருந்து முன்னைய அளவில் ஏற்றிய பாட்டை முறைப்படி மாற்றாமல், பின்னைய அளவினது என்றே கருவி கொண்டுவிடுமாயின், பாட்டு விரைந்தோடும்; நாலரைக் கட்டையில் பாடியவர் ஐந்து கட்டைக்கும் மேலே ஏறிவிடுவார்! எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933) போன்றோர் உச்சத்தில் நின்று பாடிய மேடை அது. பாடினவர் மறைந்தபின் அவர் எட்டாத சுருதியை அவர்மேல் ஏற்றிவைப்பது அவருக்குப் பெருமையாகாது, பொய்ச் சாட்சியாகும். தட்டெழுதுமுன் ஓர் ஆர்மோனியத்தை அருகில் வைத்துச் சுருதியை ஒத்துப் பார்ப்பது நம் வழக்கம்.

ஒற்றை மைக்கில் பதிந்த நாடகத்தை ஆறு பெட்டிகளில் ஒலிக்கும்படி 5.1 ஆக்க விரும்பும் நண்பரும் உளர். இல்லாத ஒலியை எங்கிருந்து கொணர்வது? ஒரு வழி ஒலியே அதற்குப் போதும்.

சுருக்கிய ஒலியிலிருந்து நீக்கியதை மீட்டல் இயலாது. வீட்டில் எழுதும் தட்டின் சாயமும் நாளடைவில் மங்கும். ஆதலின் தட்டு முடிந்ததென்று மூல நாடாவை எறிந்துவிடாது, சுருக்காத பி.சி.எம். படி ஒன்றை வன்தட்டு இரண்டில், இரு வேறு வீடுகளில் வைத்துக்கொள்க. நம் படியொன்று இப்போது, அன்று நகைத்த அப்பெரியோர் வீட்டுப் பீரோவிலேயே இருக்கின்றது.