இறால் ஓட்டில் ஒரு மருந்து உறை!

சாப்ட்வேர் வேலைக்கு லீவு கிடைத்தால் நான் செங்கல்பட்டிலிருந்து பைக்கில் மாமல்லபுரம் போய்விடுவேன். கரையோரம் கிடக்கும் இறால் ஓடுகளின் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்தியதுண்டு. மருந்தைச் சுமக்கும் நானோ துகளை அதிலிருந்து செய்யலாம் என்று பிறகுதான் தெரிந்தது.

ஓட்டிலுள்ள சுண்ணாம்பையும் புரதத்தையும் நீக்கினால் மிஞ்சுவது கைட்டின். அதைக் கடுமையான காரத்தில் சூடாக்கினால் கைட்டோசான் என்ற பாலிமர் கிடைக்கும். லேசான அமிலத்தில் கரைந்ததும் இது பிளஸ் மின்னூட்டம் பெறும். டிஎன்ஏவுக்கோ மைனஸ். இரண்டையும் கலந்தால் ஒன்றையொன்று இழுத்து, தாமாகவே நானோ துகள்களாகும்.

பல பைல்களை ஜிப் செய்து ஒரே பைலாக அனுப்புகிறீர்கள் அல்லவா? அதுபோல நீளமான டிஎன்ஏவைச் சுருட்டிக் கட்டி, வயிற்றில் சிதையாமல் காப்பதுதான் இதன் வேலை.

இதே கரையில், முட்டுக்காட்டில் 'சிபா' ஆய்வு நிறுவனம் 1997-ல் கொடுவா மீனைக் குஞ்சு பொரிக்க வைத்தது. பண்ணையில் ஆயிரக்கணக்கான மீன்களுக்கு ஒவ்வொன்றாக ஊசி போட முடியுமா? மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி ஆய்வாளர்கள் கொடுவாவுக்கு விப்ரியோ கிருமிக்கு எதிரான டிஎன்ஏ தடுப்பு மருந்தைக் கைட்டோசான் துகளில் வைத்து வாய்வழியே கொடுத்தார்கள். 2008-ல் வெளியான முடிவு: ஓரளவு பாதுகாப்பு கிடைத்தது.

இயற்கைப் பொருள் என்பதாலேயே ஆபத்தில்லை என்று நினைத்துவிடாதீர்கள். தூய்மை, துகளின் அளவு, மின்னூட்டம் எல்லாவற்றையும் சோதித்த பிறகே மனித உடலுக்குள் அனுமதி. இப்போதெல்லாம் நான் மூக்கைப் பொத்துவதில்லை!