சிவப்பைத் திருடும் கடல்

ஜவுளிக் கடையில் எடுத்த அரக்குப் புடவையை வாசல் வெளிச்சத்தில் பார்க்காமல் எந்தப் பெண்மணியாவது பணம் கொடுப்பதுண்டா? விளக்கொளி நிறத்தை ஏமாற்றும் என்பது நமக்குத் தெரியும். காமிராவுக்குத் தெரியாது, பாவம்!

நீர் புகாத உறையிலிட்ட சின்னக் காமிராவுடன் கடலில் மூழ்குகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம். சூரிய ஒளியில் சிவப்பைத்தான் தண்ணீர் முதலில் விழுங்குகிறது. சில மீட்டர் இறங்குவதற்குள் பெரும்பகுதி போய்விடும். செக்கச் செவேலென்ற மீன், படத்தில் சாம்பல் பூசிக்கொண்டு நிற்கும்!

1926-ல் ஃப்ளாரிடாவுக்கு அப்பாலுள்ள கடலில் லாங்லி, மார்ட்டின் என்ற இருவர் முதன்முதலாக நீருக்கடியில் வர்ணப் படம் எடுத்தார்கள். வெளிச்சத்துக்காக, மிதவையின் மேல் மக்னீஷியப் பொடியை வெடிக்க வைத்தார்களாம்!

இன்று அவ்வளவு பாடு வேண்டாம். ஒரு வெள்ளைப் பலகை போதும். ஃப்ளாஷை அணைத்துவிட்டு, 'ஒயிட் பாலன்ஸ்' பகுதியில் 'கஸ்டம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். திரை நிறையும்படி பலகையைக் காட்டிப் பதிவு செய்யுங்கள். "இதுதான் வெள்ளை" என்று சொல்லிக் கொடுத்தாயிற்று; குறைந்த சிவப்பைக் காமிரா ஈடுகட்டிவிடும். பலகை இல்லையென்றால் வெண்மணலும் உதவும்.

ஆனால் இரண்டு மூன்று மீட்டர் ஏறி இறங்கினாலும் மறுபடி பாடம் நடத்த வேண்டும். மறந்தால், மேலே வந்து எடுத்த படமெல்லாம் சிவந்துவிடும். மிக ஆழத்திலோ ஈடுகட்டவும் சிவப்பு மிஞ்சாது. அங்கே விளக்குதான் துணை.

நிறம் பிடிக்காத புடவையை மாற்றிக்கொள்ளலாம். நீந்திப் போன மீனைத் திரும்பக் கூப்பிட முடியுமா?